போன மாசம் வந்துச்சே

ஓர் இயந்திரம் 'பிழை' என்று சொல்லும்போது அதை யாரிடம் சொல்கிறது? திரைக்கு முன்னால் நிற்பவரிடம்தான், வேறு யாரிடம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் திரைக்கு முன்னால் நிற்பவரால் அந்தப் பிழையை ஒன்றும் செய்ய முடியாது என்றால்? அது இருப்பது அவர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஏதோ ஓர் அடுக்கில் என்றால்? அப்போதும் வாசகம் அவரைப் பார்த்துத்தான் ஒளிர்கிறது. கொஞ்ச நேரத்தில் வரிசையில் நிற்பவர்களும் அவரையே பார்க்கத் தொடங்குகிறார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள எந்த ஊர் ரேஷன் கடையிலும் இப்படியொரு பேச்சைக் கேட்கலாம்.

"ஆத்தா, வெரல நல்லா அழுத்தி வைங்க."

"அழுத்தித்தானப்பா வச்சிருக்கேன்."

"சேலையில தொடச்சிட்டு வைங்க."

"தொடச்சிட்டேன்யா. போன மாசம் வந்துச்சே?"

"போன மாசம் வந்துச்சு, இந்த மாசம் வரல. அடுத்த வெரல வைங்க."

இது வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் இருந்தால் நெல், இல்லையென்றால் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய். மழை முழுக்க ஏமாற்றிய வருஷத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அருப்புக்கோட்டைக்குள் வந்தால் தறியும் நூற்பாலையும். எல்லாமே விரல் நுனியைத் தின்கிற வேலைகள். அதனால் இயந்திரம் விரலை ஏற்கவில்லை என்றதும் காரணம் தயாராகக் கையிலேயே இருக்கிறது: ரேகை தேய்ந்துவிட்டது. பல சமயம் அது உண்மையும்கூட. அதுதான் சிக்கல். பாதி நேரம் உண்மையாக இருக்கும் ஒரு விளக்கம், மீதிப் பாதி நேரத்தில் வேறு எதையும் தேடவிடாது.

அந்த அம்மா சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "போன மாசம் வந்துச்சே." இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

*

முதலில் கொஞ்சம் தொழில் பேச்சு. டெர்மினல் என்றால் முனை, கடைசி இடம். பஸ் போய் நிற்கிற இடமும் டெர்மினல்தான். 1960களில் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தது. மனிதர்கள் அதனோடு பேசியது டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் வழியாக. தந்தி அனுப்புவதற்காகப் பிறந்த இயந்திரம் அது. அது அருங்காட்சியகத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் லினக்ஸின் உள்ளே அதன் பெயர் 'டிடிஒய்' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. புரோகிராமர்கள் திறந்து வைத்திருக்கும் கறுப்புச் சன்னல், யூஎஸ்பியில் செருகும் மோடம், பல வகைக் கைரேகைக் கருவிகள், சில எடை இயந்திரங்கள் எல்லாம் கெர்னலின் கண்ணுக்கு ஒரு டிடிஒய்யாகத்தான் தெரிகின்றன. எழுத்துகள் வந்து போகும் ஒரு முனை.

கெர்னல் என்ற சொல்லுக்குப் பருப்பு என்று பொருள். கொட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது. நாம் தொட்டுப் பயன்படுத்தும் எந்தச் செயலியும் வன்பொருளை நேராகத் தொடுவதில்லை, கெர்னலிடம் கேட்டு வாங்குகிறது. கெர்னல் கேட்டதைக் கொடுக்கும், முடியாவிட்டால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். லினக்ஸில் எண் 5 என்றால் எழுதுவதிலோ படிப்பதிலோ பிழை. எண் 11 என்றால் இப்போது இல்லை, மறுபடி கேள். எண் 19 என்றால் அப்படியொரு கருவியே இல்லை.

ஆக, எது உடைந்தது என்பது கீழே ஓரளவுக்குத் தெரியும். மேலே ஏற ஏறத்தான் அந்தத் தகவல் கரைகிறது. கெர்னல் சொன்ன எண்ணை நூலகம் 'தோல்வி' என்று மாற்றும். நூலகம் சொன்ன தோல்வியைச் செயலி 'கைரேகை பொருந்தவில்லை' என்று மாற்றும். செயலி சொன்னதைக் கடைக்காரர் "ஒங்க வெரலு சரியில்ல" என்று மாற்றுவார். ஒரு கம்பியில் ஏற்பட்ட குறை நாலு படி ஏறி வருவதற்குள் ஓர் உடம்பின் குறையாகிவிடுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் சுருக்கினார்கள், அவ்வளவுதான்.

*

இனி 2009 ஜூலைக்குப் போகலாம். லினக்ஸ் 2.6.31 தயாராகிக்கொண்டிருந்தது. டிடிஒய் பகுதியைப் பராமரித்தவர் ஆலன் காக்ஸ். லினக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே கூட இருந்தவர், ஒரு காலத்தில் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அடுத்து இவர்தான் என்று பேசப்பட்டவர். டிடிஒய் பகுதியோ கெர்னலிலேயே பழசான, யாரும் கை வைக்கப் பயப்படுகிற பகுதிகளில் ஒன்று. அவர் அதில் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். போலி டெர்மினல்கள் எழுத்துகளைச் சேமித்து அனுப்பும் விதத்தை முறைப்படுத்தி எழுதினார்.

அதற்குப் பிறகு சில பயனர்களுக்கு விநோதமான ஒன்று நடந்தது. ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் நிரலைத் தொகுத்தால், வர வேண்டிய வரிகளின் கடைசிப் பகுதி சில சமயம் காணாமல் போனது. மறுமுனை மூடிவிட்டது என்ற செய்தி, ஏற்கெனவே அனுப்பப்பட்ட எழுத்துகள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. கடைசி மூட்டை இறங்குவதற்குள் லாரி காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. கேடிஇயின் ஒரு சிறு நிரலும் தடுமாறியது.

ஆலன் காக்ஸின் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: அந்த நிரல்கள் எழுதப்பட்ட விதமே தப்பு. கெர்னல் ஒருபோதும் தராத உறுதிமொழியை நம்பி எழுதியிருக்கிறார்கள், இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் ஓடியது. லினஸின் பதில்: நேற்றுவரை ஓடியது, இன்றைக்கு ஓடவில்லை, நடுவில் மாறியது கெர்னல், ஆகவே இது கெர்னலின் பிழை. பேச்சு சூடானது. ஆலன் காக்ஸ் போதும் என்று சொல்லி டிடிஒய் பொறுப்பைத் துறந்தார். பொறுப்பு கிரெக் க்ரோவா-ஹார்ட்மனிடம் போனது.

2012 டிசம்பரில் இன்னொன்று. வீடியோக் கருவிகள் பகுதியில் செய்த ஒரு மாற்றத்தால், கெர்னல் முன்பு திருப்பித் தந்த பிழை எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணைத் தரத் தொடங்கியது. அதனால் ஒலிச் செயலிகள் சிக்கலுக்கு உள்ளாயின. செயலியின் மீது பழி போட்ட பராமரிப்பாளரை லினஸ் எல்லோர் முன்னிலையிலும் காய்ச்சி எடுத்தார். கெர்னல் மாறியதால் பயனரின் நிரல் உடைந்தால் அது கெர்னலின் குற்றம், பயனரின் நிரலைக் குறை சொல்லக்கூடாது என்பதுதான் விதி. அந்த விதி இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

இதைப் படிக்கிறபோது எனக்கு முதலில் தோன்றியது, இந்த விதியில் தொழில்நுட்பமே இல்லை என்பதுதான். யார் சரி, யார் தப்பு என்று இது ஆராய்வதில்லை. ஈமாக்ஸ் ஒழுங்காக எழுதப்பட்டதா என்று கேட்பதில்லை. நிரூபிக்க வேண்டிய பாரம் யாருக்கு என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. 'நேற்று வேலை செய்தது' என்று பயனர் சொன்னால் போதும். அதற்கு அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: ரிக்ரெஷன். கெர்னல் உலகத்தில் அதைவிடக் கனமான சாட்சியம் கிடையாது. அதைக் கேட்டவுடன் மேலே இருப்பவர் எழுந்து தன் பக்கத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

தேடுவதற்குக் கருவியும் உண்டு. 'பைசெக்ட்' என்பார்கள். நன்றாக இருந்த பழைய நிலைக்கும் கெட்டுப்போன புதிய நிலைக்கும் நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தால், பாதியில் நிறுத்திச் சோதிப்பது, பிறகு மிச்சத்தில் பாதி, அதில் பாதி. பத்தே சோதனையில் குற்றவாளி மாற்றம் தெரிந்துவிடும். யார் என்ற கேள்வியை எப்போது என்ற கேள்வியாக அது மாற்றிவிடுகிறது. கோபத்துக்கு அதில் வேலையில்லை.

இப்போது அந்த அம்மா சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். "போன மாசம் வந்துச்சே." அது முறையான ரிக்ரெஷன் அறிக்கை. அதே நபர், அதே விரல், அதே கடை, முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை. உலகத்தின் மிகக் கண்டிப்பான பொறியாளர்கள் தலை வணங்கும் சாட்சியத்தை அவர் சொல்லிவிட்டார். வாங்கிப் பதிவதற்கு எதிரில் ஆளில்லை.

*

நீங்கள் புரோகிராமர் என்றால் இங்கே ஒரு மறுப்பு எழும். நமக்கு முதல் வருஷமே சொல்லித் தருவது இதற்கு நேர் எதிரான பாடம் இல்லையா? கெர்னலைச் சந்தேகிக்காதே, கம்பைலரைச் சந்தேகிக்காதே, உன் கோடைப் பார். 1999இல் வந்த 'தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தில் ஒரு கதை உண்டு. இயக்க முறைமையின் 'செலக்ட்' என்ற அழைப்பு உடைந்திருக்கிறது என்று ஒரு மூத்த பொறியாளர் வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, மாற்றுவழிகள் எழுதி, கடைசியில் ஆவணத்தை உட்கார்ந்து படித்ததும் சில நிமிஷத்தில் தன் தவறைக் கண்டுபிடித்தாராம். பாடம்: பிழை பெரும்பாலும் உன்னுடையது. கெர்னலில் பிழை இருப்பது அபூர்வம். லட்சக்கணக்கானோர் தினமும் மிதித்துப் போகும் பாதை அது.

ஆக இரண்டு விதிகள். கீழே இருக்கும் கெர்னல்காரருக்கு: பயனரைக் குறை சொல்லாதே. மேலே இருக்கும் செயலிக்காரருக்கு: கெர்னலைக் குறை சொல்லாதே. இரண்டும் முட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் முட்டவில்லை. இரண்டுமே சொல்வது ஒன்றைத்தான்: முதலில் உன்னைச் சந்தேகி. அவரவர் இடத்தில் நின்று அவரவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய விதி அது. அப்படிச் சொல்லிக்கொண்டால் இருவரும் நடுவில் எங்கோ சந்தித்துவிடுவார்கள், பிழை எங்கே இருந்தாலும் அகப்பட்டுவிடும்.

இதே விதியை வாயைத் திருப்பி எதிரில் இருப்பவரிடம் சொன்னால் என்ன ஆகிறது? "முதலில் உன்னைச் சந்தேகி" என்று கெர்னல்காரர் பயனரிடம் சொன்னால், அல்லது ஓர் அலுவலகம் வரிசையில் நிற்பவரிடம் சொன்னால், வார்த்தை ஒன்றுதான், விதி வேறாகிவிடுகிறது. தன்மையில் சொன்னால் அடக்கம். முன்னிலையில் சொன்னால் அதிகாரம். சில அறங்களுக்கு இப்படி இலக்கணத்திலேயே ஓர் எல்லை உண்டு என்று எனக்குப் படுகிறது. பொறுமையும் அப்படித்தான். நான் பொறுத்துக்கொள்கிறேன் என்பது ஒரு குணம். நீ பொறுத்துக்கொள் என்பது பெரும்பாலும் ஒரு கட்டளை.

திருச்சுழியில் நின்று இதை யோசிக்கும்போது ஒரு பெயர் தானாக வந்துவிடுகிறது. 1879 டிசம்பர் 30இல் ரமணர் பிறந்த ஊர் அது. 'நான் யார்' என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதற்குமான வழியாக ஆக்கியவர். அந்தக் கேள்வியை ஒருவர் தன்னைப் பார்த்து மட்டும்தான் கேட்க முடியும். அதே ஊர்க் கடைகளில் ஒரு சின்னப் பெட்டி மாதாமாதம் 'நீ யார், நிரூபி' என்று கேட்கிறது. அது கேட்பதில் தப்பில்லை. கேட்பதற்கு முன்னால் தான் கேட்கும் நிலையில் இருக்கிறோமா என்று ஒரு தரம் தன்னைப் பார்த்துக்கொள்கிறதா என்பதுதான் என் கேள்வி.

*

சில வருஷங்களுக்கு முன்னால், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கைக்கருவிகளைச் செய்த ஒரு நிறுவனத்துக்காக எங்கள் குழு வேலை பார்த்தது. ஊர் ஊராகப் போகும் வங்கி முகவர்கள் கையில் இருக்கும் கருவி. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை எல்லாம் அதன் வழியாகத்தான் கைக்கு வரும். எங்கள் பக்கத்து மேட்டுக்காட்டு ஊர்களிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வந்துகொண்டிருந்தது: வயதான பெண்களின் ரேகை அதிகமாகத் தோற்கிறது. பதிவுகளை எடுத்துப் பார்த்தால் உண்மைதான். வயதானவர்கள், பெண்கள், கூலி வேலைக்காரர்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தேய்ந்த விரல். சென்சாரை மாற்றலாமா என்று பேச்சு ஓடியது.

ஓர் ஊரில் ஒரு பாட்டி முகவரிடம் சொன்னது இது: "ஏந்தம்பி, காலையில வந்தா எடுக்குது, மத்தியானம் வந்தா எடுக்க மாட்டேங்குது. வெரலு காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணாவா இருக்கும்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் குழுவில் ஒருத்தர் மட்டும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் கருவியின் பேட்டரி இறங்கியிருக்கும். அழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் கைரேகை சென்சார் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். அது மறுபடி எழும்போது கெர்னல் அதைப் புதிதாகப் பதிய வேண்டும். அந்தக் கருவியில் இருந்த பழைய கெர்னலின் டிரைவரில் ஒரு பிழை: செத்துப்போன பழைய முனையின் பதிவை முழுக்க விடுவிக்காமல் வைத்திருந்தது. ஆகவே முன்பு 0 என்ற எண்ணில் இருந்த டிடிஒய், எழுந்து வரும்போது 1 ஆகிவிடும். செயலி இன்னும் 0 என்ற கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் கெர்னல் எண் 5ஐத் திருப்பித் தரும். வெற்றி இல்லாத எல்லாவற்றுக்கும் செயலியில் ஒரே வாசகம்: கைரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயலவும். அந்தக் கணத்தில் யாருடைய ரேகையும் படிக்கப்படவே இல்லை. பார்க்காத விரலைப் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது அது.

வயதான பெண்கள் ஏன் அதிகம் தோற்றார்கள்? அவர்கள் வேலை முடிந்து மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். ஆண்களும் கடைக்காரர்களும் காலையிலேயே வந்து போனார்கள். புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் ஏற்கெனவே நம்பியதைச் சொல்வதுபோலவே வரிசையாக நின்றுகொண்டது. அந்த டிரைவர் பிழை பிந்தைய கெர்னலில் எப்போதோ திருத்தப்பட்டிருந்தது. சில வரித் திருத்தம். சிப் செய்தவர்கள் பழைய கெர்னலோடு நிறுத்திவிட்டதால் அது கருவிக்கு வரவில்லை. எடுத்து வந்து சேர்த்ததும் மத்தியானத் தோல்விகள் குறைந்தன. தேய்ந்த விரல்களின் உண்மையான தோல்விகள் மிச்சம் இருந்தன. அவை வேறு பிரச்சினை, வேறு தீர்வு. இரண்டும் ஒரே வாசகத்துக்குள் கிடந்தவரை எதையும் தீர்க்க முடியாமல் இருந்தது.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில் சாட்சிய அநீதி என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். சொல்பவர் யார் என்பதை வைத்து, சொல்லப்பட்டதன் நம்பகத்தைக் குறைத்துக் கணக்கிடுவது. அந்தப் பாட்டி சொன்னதை ஒரு டெஸ்ட் என்ஜினியர் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டிருப்பார்கள்.

*

இதெல்லாம் சின்ன விஷயம், அரிசி நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், பணம் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் பிரிட்டனைப் பாருங்கள். 1999இலிருந்து அங்கே அஞ்சலகக் கிளைகளில் ஃபுஜிட்சுவின் ஹொரைசன் என்ற கணக்கு முறை வந்தது. கிளை நடத்துபவர்கள் கவுண்டர் டெர்மினலில் கணக்கை முடித்தால் பணம் குறைவதாகக் காட்டியது. உதவி எண்ணுக்குப் பேசியவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது. குறைந்ததைக் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 2015 வரையில் 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள்.

உள்ளே இருந்த பிழைகளில் ஒன்று, ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் ஊரின் காலண்டர் ஸ்கொயர் கிளையின் பெயரால் அறியப்பட்டது. ஒரு கவுண்டரில் செய்த பரிமாற்றம் பக்கத்துக் கவுண்டருக்குத் தெரியாமல் போகும். இயக்க முறைமையின் கெர்னல் அல்ல, ஆனால் செயலிக்குக் கீழே செய்திகளைச் சுமந்துபோகும் அடுக்கு, கிளைக்காரர் கண்ணுக்கு எட்டாத இடம். பிழை நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. 2010 நவம்பரில் சீமா மிஸ்ராவுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தபோது அவர் கர்ப்பிணி. அந்த வழக்கிலேயே இந்தப் பிழை பேசப்பட்டது. ஆனாலும் இயந்திரத்தைத்தான் நம்பினார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் ஹொரைசனின் பிழைகளைத் தீர்ப்பில் பட்டியலிட்டார். 2021 ஏப்ரலில் சீமா உட்பட 39 பேரின் தண்டனை ரத்தானது. 13 பேராவது இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை அறிக்கை சொன்னது.

இங்கிலாந்தில் 1984ஆம் வருஷச் சட்டம் ஒன்றில், கணினிச் சாட்சியத்தை ஏற்க அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றிருந்தது. அதை 1999இல் நீக்கினார்கள். பிறகு வந்த நிலை: கணினி ஒழுங்காகத்தான் இயங்கியிருக்கும், இல்லையென்பவர் நிரூபிக்கட்டும். பாரம் இடம் மாறிவிட்டது. லினஸின் விதியைத் தலைகீழாகப் பிடித்தால் வருவது இதுதான்.

நம் நாட்டில் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து வந்த புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவும், கணினி ஒழுங்காக இயங்கியதற்குச் சான்றிதழ் கேட்கின்றன. நல்லது. ஆனால் ரேஷன் கடை வரிசை நீதிமன்றம் இல்லை. அங்கே சான்றிதழும் இல்லை, வக்கீலும் இல்லை. கடைக்காரருக்கும்தான் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. விரல் பொருந்தாமல் மனசு கேட்காமல் அரிசியைக் கொடுத்துவிட்டால், மாசக் கடைசியில் இருப்புக் குறைவு அவர் தலையில் விழும். பிரிட்டனின் கிளைக்காரர் நின்ற அதே இடத்தில் அவரும் நிற்கிறார். வெரல அழுத்தி வைங்க என்று அவர் எரிந்து விழுவதற்குப் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது.

*

எதிர்த்தரப்புக்கு நியாயம் இல்லையா? இருக்கிறது. ஆலன் காக்ஸுக்கும் நியாயம் இருந்தது. பழைய தப்புகளையெல்லாம் காப்பாற்றிக்கொண்டே போனால் கெர்னல் பரண் மாதிரி ஆகிவிடும். எதையும் தூக்கி எறிய முடியாது. விரலைக் கேட்காமல் கொடுத்தால் போலி அட்டையில் அரிசி கடத்துகிறவனுக்குக் கொண்டாட்டம். லினஸின் விதிக்கும் ஒரு விலை இருந்தது. பயனரைக் காப்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைக் கடித்துக் குதறியதை 2018இல் அவரே ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். தூரத்தில் இருப்பவரிடம் கருணையும் அருகில் இருப்பவரிடம் வன்மமுமாக ஒரு விதியை நடத்த வேண்டியதில்லை.

ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் 'பொருந்தவில்லை' என்ற பதிலைப் பற்றியவை. நான் பேசுவது 'பார்க்க முடியவில்லை' என்ற பதிலைப் பற்றி. இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. போலியைப் பிடிக்க முதலாவது வேண்டும். இரண்டாவதை முதலாவதாகப் பதிந்தால் போலியும் அகப்படாது, உண்மையானவர் பட்டினி கிடப்பார். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே கைரேகைச் சரிபார்ப்புத் தோல்விகள் ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. அவற்றில் எத்தனை விரலின் தோல்வி, எத்தனை கம்பியின், சர்வரின், டிரைவரின் தோல்வி? ஒரே சொல்லில் பதிந்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

தமிழ்நாட்டில் 34,000க்கு மேற்பட்ட ரேஷன் கடைகள், இரண்டு கோடிக்கு மேல் அட்டைகள். 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தபோது சர்வர் திணறி வரிசைகள் நின்றன. விரல் எடுக்காவிட்டாலும் அட்டையை ஸ்கேன் செய்து பொருளைக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. என் கண்ணுக்கு அது லினஸின் விதியேதான்: நேற்று வாங்கினார், இன்று கிடைக்கவில்லை, நடுவில் மாறியது நாம், ஆகவே கொடுத்துவிட்டு நம் பக்கத்தைத் தேடுவோம். சந்தேகத்தின் செலவை அரசு ஏற்றது. ஒரு மூட்டை அரிசி தப்பான ஆளுக்குப் போனால் கருவூலத்துக்கு அது ஒரு துளி. சரியான ஆளுக்குப் போகாவிட்டால் ஒரு வீட்டுக்கு அது மாதம் முழுக்க. எந்தத் தப்பைச் செய்யலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், தாங்க முடிந்தவர் தாங்கட்டும்.

*

தமிழில் 'பிழை' என்ற சொல் விசித்திரமானது. தவறும் பிழை, குற்றமும் பிழை. பிழைப்பு என்றால் வயிற்றுப்பாடு, பிழைத்தல் என்றால் உயிரோடு மிஞ்சுவது. எண் 5ஐப் பிழை என்று மொழிபெயர்த்துத் திரையில் போடும்போது இத்தனை அர்த்தமும் கூட வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'கைரேகை பொருந்தவில்லை' என்ற வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். அந்த அம்மாவின் கைரேகை. கருவி அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை.

ஆகவே என் யோசனை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, இலக்கணம்தான். கருவி தன்மையில் பேசட்டும். படித்துப் பார்த்துப் பொருந்தாவிட்டால் மட்டும் பொருந்தவில்லை என்று சொல்லட்டும். படிக்கவே முடியாவிட்டால், 'என்னால் இப்போது படிக்க முடியவில்லை. இது உங்கள் விரலின் குறை அல்ல. கடைக்காரர் மாற்று வழியில் பொருளைக் கொடுக்கலாம்' என்று சொல்லட்டும். அதை எழுத ஒரு புரோகிராமருக்கு அரை நாள் ஆகும். கெர்னல் ஏற்கெனவே அந்த வித்தியாசத்தை எண்ணாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அப்படி எழுதினால் மாதாந்திர அறிக்கையில் 'பயனாளி தோல்வி' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'கருவிக் கோளாறு' என்று இன்னொரு பத்தி முளைக்கும். அதில் விழும் எண்ணுக்குக் கீழே யாராவது ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், யாராவது ஒரு நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை நாள் அந்தப் பத்தி இல்லாமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அடுத்த வாரம் ஆபீஸில் ஒரு கருவிக்கோ செயலிக்கோ பிழை வாசகம் எழுத உட்காரலாம். அப்போது அந்தப் பத்தியைக் கேளுங்கள்.